வாங்குவோர் பக்கம்

செக்காலை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில்
எங்கள் தரகு அலுவலகம்.
மூன்று திரை. ஒரு ஏசி, அது சாயங்காலம்தான் குளிரும்.
ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்ததும்
ஊரார் பணத்தில் என் விரல் கோடீஸ்வரி.

சமையல் காண்ட்ராக்ட் சாத்தப்பன் வருவார்,
சட்டையில் பெருங்காய வாசனை, காதில் பேனா.
"மூணு பங்கு முப்பத்தஞ்சாயிரமா?
மூணு இட்லிய வச்சுப் பந்தி நடத்தச் சொல்றியா ஆத்தா?"
அவருக்கு அண்டா நிறைய வேண்டும்.
ஒரு ரூபாய் எண்பத்தைந்து காசுக்கு
ஐம்பதாயிரம் வாங்கினார்.
கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டேன்.
"பேரு நல்லாருக்குல்ல" என்றார்.

நைட் டூட்டி முடித்த செசிலி
தேவகோட்டைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து கூப்பிடுவாள்.
"ரெண்டு வாங்கு."
பிறகு, "ரெண்டையும் குடுத்துரு."
பஸ் அரியக்குடியைக்கூடத் தாண்டியிருக்காது.
லாபம் நூற்று நாற்பது. அதில் தரகு போகும், வரி போகும்,
மிஞ்சுவது ஒரு டிபன்.
சில நாள் நட்டம், அறுநூற்றுப் பத்து.
நட்டத்திலும் அவள் கேட்பது ஒன்றுதான்:
"வித்துருச்சா?"
விற்றிருக்கும்.

சாத்தப்பன் பங்கு ஏறியது.
தினமும் மேல்தடையைத் தொட்டுத் தொட்டு
மூன்று நாற்பது.
டப்பாவில் கவுனி அரிசி கொண்டுவந்தார்,
தேங்காய்ப்பூ தூவி, கருஞ்சிவப்பாய்.
"வித்துரவாண்ணே?"
"அஞ்சு ஆகட்டும்."

ஒரு புதன்கிழமை திரை சிவந்தது.
விற்போர் பக்கம் நாற்பத்தொரு லட்சத்துச் சொச்சம்.
வாங்குவோர் பக்கம் பூஜ்யம்.
பூஜ்யத்தை எப்படிப் படித்துக் காட்டுவது?
"வெலையக் கொறச்சுப் போடு."
"இன்னிக்கு இதுக்குக் கீழ போட முடியாதுண்ணே,
அஞ்சு சதம்தான் எறங்க விடுவாங்க."
"நாளைக்கு?"
"நாளைக்கு ஒரு அஞ்சு."
இறங்கப் படி இருக்கிறது,
வெளியேறக் கதவு இல்லை.

நாற்காலியில் சாய்ந்துகொண்டு
யாரிடமோ போலச் சொன்னார்:
"தொண்டியிலேர்ந்து வஞ்சிரம் வருது,
கிலோ ஆயிரத்தி எரநூறு,
ஐஸ் உருகுறதுக்குள்ள காலி.
மலிவா குமிச்சு வச்சதுகிட்ட பூனதான் நிக்கும்.
முப்பது வருசமா மீன் வாங்குறேன்."
அப்புறம் பேனாவைக் காதிலிருந்து எடுத்து
மறுபடி காதிலேயே வைத்தார்.

பள்ளத்தூரில் அவருக்கு வீடு உண்டு.
அதாவது, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு.
கையெழுத்துப் போட வேண்டியவர்கள்
ஈப்போவில் ஒருவர், கோவையில் ஒன்பது பேர்,
இருக்கிறார்களா என்றே தெரியாத மூவர்.
"அங்கயும் பங்கு, இங்கயும் பங்கு.
பங்குக்குக் கொறச்சலே இல்ல ஆத்தா,
வாங்கத்தான் ஆளில்ல."
சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாயிற்று.

அவரிடம் சொல்லவில்லை நான்.
அதே பங்கு என் கணக்கில் எட்டாயிரம்.
கவுனி அரிசி தின்ற அன்று வாங்கினேன்,
மூன்று நாற்பதுக்கு.
கேட்டதும் கிடைத்தபோதே யோசித்திருக்க வேண்டும்,
யாரோ கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்று.
அவர் அன்று விற்றிருந்தால்
வாங்கியவள் நானாகவே இருந்திருப்பேன்.

பதினெட்டாம் நாள். ஒன்று முப்பத்தைந்து.
வரிசையில் முந்தி நிற்பவருக்குத்தான் முதல் கை.
அவர் ஐம்பதாயிரம், என் எட்டாயிரம்.
சந்தை திறக்கும்போது கீழே மருந்துக்கடையில்
ஷட்டர் ஏற்றும் சத்தம்.

என்னுடையதை முதலில் தட்டினேன்.

முந்நூறு போனது.
நானூற்றைந்து ரூபாய்.
அதன்பின் மறுபடி பூஜ்யம்.
அவருடையதைத் தட்டுவதற்குள் போன் அடித்தது,
பஸ் இரைச்சலோடு
செசிலி கேட்கிறாள்,
"வித்துருச்சா?"